பண்ணைப் பாலத்தில் ஒரு விமான வேகமானி

சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் விமானம் தரையிறங்குவதற்காகத் தாழ்ந்து வருவது எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெளிவாகத் தெரியும். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, இடையில் நின்றுபோன சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கிய பிறகு, அந்த இரைச்சல் எங்கள் ஊருக்குப் பழகிவிட்டது. என் அக்காவின் மகனுக்கு மட்டும் அது இன்னும் பழகவில்லை. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கும் அவன், விமானங்களைப் பின்தொடரும் செயலி ஒன்றைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு, வருகின்ற ஒவ்வொன்றின் வேகத்தையும் வாசித்துக் கொப்பியில் எழுதி வைப்பான். ஆடி மாதத்தில் ஒரு நாள், சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பனையோலைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, தரையிறங்க வந்த விமானத்தின் வேகம் 92 நொட் என்று செயலி காட்டியது. சில மாதங்களுக்கு முன்னர் காற்றில்லாத ஒரு நாளில், அதே வகை விமானம் அதே கட்டத்தில் 108 நொட் காட்டியதாக அவனுடைய கொப்பி சொன்னது.

"மாமா, இண்டைக்கு ஏன் இவ்வளவு மெதுவா வருது? அதோட, சில்லு நிலத்தில முட்டாமல் போற சாமானுக்கு என்னத்தை வைச்சு வேகத்தைக் கணிக்கினம்?" என்று கேட்டான்.

இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதலாவது தானாகவே அவிழும் என்று சொன்னேன். சொன்னபடி அதை அவிழ்த்துக் காட்டுவதற்கு எனக்கு மூன்று வாரங்களும், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் குழாயில் நான்கு மீற்றரும், நண்பர் ஒருவரின் ஓட்டோவும் தேவைப்பட்டன.

மோட்டார் சைக்கிளில் சில்லு எத்தனை முறை சுழல்கிறது என்று எண்ணினால் வேகம் தெரிந்துவிடும். வானத்தில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் இதைவிட அடிப்படையான வேறுபாடு ஒன்று இருக்கிறது. வாகனத்துக்குத் தரையே உலகம். விமானத்துக்கோ, அது பறந்துகொண்டிருக்கும் வரையில், தன்னைச் சூழ்ந்த காற்றே உலகம். இதைப் புரிந்துகொள்வதற்கு நம்மவர்களுக்குப் புத்தகம் தேவையில்லை, பட்டம் போதும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பெரிய பட்டங்களில் ஒன்றைப் பாருங்கள். வாடைக்காற்றில் அது ஒரே இடத்தில், ஆணி அடித்தாற்போல் நிற்கிறது. தரையோடு ஒப்பிட்டால் அதன் வேகம் பூச்சியம். காற்றோடு ஒப்பிட்டாலோ அது மணிக்கு இருபது, முப்பது கிலோமீற்றர் வேகத்தில் பறந்துகொண்டிருக்கிறது. அதனாலேயே மேலே நிற்கிறது, அதனாலேயே அதில் கட்டிய விண் என்ற அதிரும் நாண் கூவுகிறது. இப்போது நூல் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பட்டம் காற்றோடு சேர்ந்து ஓடத் தொடங்குகிறது. தரையில் நின்று பார்ப்பவனுக்கு அது வேகம் பெற்றுவிட்டது; காற்றின் கணக்கிலோ அது வேகத்தை இழந்துவிட்டது. விண் அடங்குகிறது, பட்டம் விழுகிறது. விமானியின் முன்னால் இருக்கும் வேகமானி அளப்பது, அந்தப் பட்டம் நூல் அறுந்தபோது இழந்த வேகத்தைத்தான்.

(எங்கள் பாடநூல்கள் திசை சேராத கணியத்தைக் கதி என்றும், திசை சேர்ந்ததை வேகம் என்றும் பிரித்துச் சொல்லும். பேச்சு வழக்கில் இரண்டுமே வேகம்தான் என்பதால் இங்கே அந்தப் பிரிவை நான் விட்டுவிடுகிறேன், மருமகன் மன்னிப்பானாக.)

நொட் என்ற அலகும் இதே சிந்தனையிலிருந்து வந்ததுதான். பாய்க்கப்பல் காலத்தில், முடிச்சுகள் போட்ட கயிற்றின் நுனியில் பலகை ஒன்றைக் கட்டிக் கடலில் போட்டு, மணற்கடிகாரம் வடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கைநழுவி ஓடுகின்றன என்று எண்ணினார்கள். முடிச்சு என்பதற்கான ஆங்கிலச் சொல்லே நொட். ஒரு நொட் என்பது மணிக்கு 1.852 கிலோமீற்றர். அந்தக் கயிறு அளந்தது தண்ணீருக்குள் கப்பல் செல்லும் வேகத்தை மட்டுமே; கடல் நீரோட்டம் கப்பலையும் பலகையையும் சேர்த்து எங்கே இழுத்துச் செல்கிறது என்பது அதற்குத் தெரியாது.

காற்றுக்குள் பலகையைப் போட முடியாது. அதற்கான வழி ஒரு நதியிலிருந்து கிடைத்தது. 1732 இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் ஹென்றி பிற்றோ, பரிஸ் நகரில் ஓடும் செய்ன் நதியின் வேகத்தை அளப்பதற்கு, நுனி வளைந்த கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்தினார். வளைந்த வாயை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்தால், ஓடிவந்த நீர் வாயில் முட்டி நின்று, தன் ஓட்டத்தை அமுக்கமாக மாற்றிக் குழாய்க்குள் மேலேறும். எங்கள் தோட்டத்தில் பம்பால் நீர் இறைக்கும்போது, சீமெந்து வாய்க்காலில் மட்டக்குழாயை வளைத்துப் பிடித்து இதைச் செய்து பார்த்தோம். செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஓடும் நீர், குழாயில் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் ஏறும். வேகம் இரண்டு மீற்றரானால் ஏறுவது 10 அல்ல, 20 சென்ரிமீற்றர். வேகம் இருமடங்கானால் அமுக்கம் நான்கு மடங்காகும் என்ற வர்க்க விதி இதுதான். இது ஒரு நல்ல செய்தியும் கெட்ட செய்தியுமாகும்: அதிக வேகத்தில் கருவி கூர்மையாக வாசிக்கும், குறைந்த வேகத்திலோ ஏறக்குறைய ஒன்றுமே வாசிக்காது. ஓடுபாதையில் ஊர்ந்து செல்லும் விமானத்தில் இந்த மானி பயனற்றது.

நீர் விடயம் அவனுக்கு விளங்கியது. காற்றும் அப்படி முட்டி அமுக்கம் தரும் என்பதைக் காட்டவே ஓட்டோ வந்தது.

மட்டக்குழாயை U வடிவில் வளைத்து, மில்லிமீற்றர் கடதாசி ஒட்டிய பலகையில் கட்டி, அதற்குள் நிறமூட்டிய நீரை ஊற்றினோம். நன்னாரிச் சர்பத் ஊற்றலாம் என்று அவன் சொன்னான். சீனி கரைந்த நீரின் அடர்த்தி வேறு, கணக்குப் பிழைக்கும், எறும்பும் வரும் என்று சொல்லிக் கேசரிப் பவுடரைக் கரைத்தோம். குழாயின் ஒரு நுனியை ஓட்டோவின் முன்கண்ணாடிக்கு மேலே, காற்றை எதிர்நோக்கியபடி கம்பியொன்றில் கட்டினோம். மற்ற நுனி, ஓடிவரும் காற்று நேரே முட்டாத வெறும் வளியமுக்கத்தை மட்டும் உணர வேண்டும். ஆகவே அதைப் பக்கத்தில் சிறு துளையிட்ட பிளாஸ்ரிக் போத்தலுக்குள் செருகி, பின்னிருக்கைக்குக் கீழே வைத்தோம். இரண்டு நுனிகளுக்கும் இடையிலான வேறுபாடே நமக்கு வேண்டியது. முதலாவது நுனியில் வளிமண்டல அமுக்கமும், ஓட்டத்தால் வரும் அமுக்கமும் சேர்ந்து இருக்கின்றன. இரண்டாவதில் வளிமண்டல அமுக்கம் மட்டும் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ஓட்டம் மிஞ்சும்.

பண்ணைப் பாலம் யாழ்ப்பாணத்திலிருந்து வேலணையை நோக்கி, ஏறத்தாழத் தென்மேற்காகச் செல்லும் கடல்வழிப் பாதை. இரு பக்கமும் பரவைக்கடல், காற்றைத் தடுக்க ஒரு மரமும் இல்லை. அன்றைக்குச் சோளகம் நேரே முகத்தில் அடித்தது. நண்பர் ஓட்டோவின் வேகமானியை 40 இல் வைத்துக்கொண்டு ஓட்டினார். குழாயில் நீர் துள்ளிக்கொண்டே இருந்தது; துள்ளலின் நடுவைக் கண்ணால் மதித்து, இரு பக்க மட்டங்களுக்கும் இடையே 15 மில்லிமீற்றர் வேறுபாடு என்று குறித்துக்கொண்டோம். வேலணைப் பக்கத்தில் திரும்பி, அதே 40 இல் யாழ்ப்பாணத்தை நோக்கி வந்தோம். வேறுபாடு 3 மில்லிமீற்றராகச் சுருங்கிவிட்டது. ஓட்டோ பழுதில்லை, குழாயும் பழுதில்லை என்பதை அவனுக்கு நம்பவைக்க இன்னொரு முறை போய்வர வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டான். அன்றைய வெப்பநிலைக்கு ஒரு கனமீற்றர் வளி 1.165 கிலோகிராம் என்று எடுத்தால், 15 மில்லிமீற்றர் நீரமுக்கம் மணிக்கு 57 கிலோமீற்றருக்குச் சமம். 3 மில்லிமீற்றர் ஏறத்தாழ 26 கிலோமீற்றருக்கு. இரண்டின் சராசரி 41 உம் சொச்சமும்: அது தரையில் ஓட்டோவின் வேகம். வித்தியாசத்தின் பாதி பதினைந்து பதினாறு: அது சோளகத்தின் வேகம். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கொப்பியில் இருந்த 92 ஐயும் 108 ஐயும் அவன் தானாகவே திரும்பிப் பார்த்தான். செயலி காட்டுவது, விமானம் தன் செய்மதி இருப்பிடத்திலிருந்து கணித்து அறிவிக்கும் தரைவேகம். விமானி இரு நாட்களிலும் ஒரே வேகத்திலேயே வந்திருப்பார், ஆனால் அந்த வேகம் காற்றுக்குள். பலாலி ஓடுபாதை வடகிழக்கு, தென்மேற்காகக் கிடப்பதால், சோளகமும் வாடையும் இரண்டு பருவங்களிலும் இறங்கும் விமானத்தின் முகத்துக்கு எதிரே கிடைக்கும்படி திசையைத் தெரிவுசெய்துகொள்ளலாம். எதிர்க்காற்று எவ்வளவோ, அவ்வளவு தரைவேகம் குறைகிறது. சில்லு நிலத்தைத் தொடும்போது தடுக்க வேண்டிய வேகமும் குறைகிறது.

இன்னொன்றையும் அந்தப் பாலம் காட்டியது. இருக்கைக்குக் கீழே இருந்த போத்தலை ஓட்டோவின் பக்கத் திறப்புக்கு அருகே நகர்த்தியதும், வேகம் மாறாமலே வாசிப்பு மாறியது. ஓடும் வண்டியைச் சுற்றி வளைந்து செல்லும் காற்றின் அமுக்கம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. விமானத்திலும் இதே தொல்லை உண்டு. மூக்குப் பக்கத்தில் முன்னோக்கி நீண்டிருக்கும் பிற்றோக் குழாயை வைப்பது எளிது. வளிமண்டல அமுக்கத்தை உணரும் சிறு துளைகளை உடலின் எந்தப் பகுதியில் இடுவது என்பதே பெரும்பாடு. மிகப் பொருத்தமான இடத்தைத் தேர்ந்தாலும் சிறு பிழை மிஞ்சும். மானியில் தெரியும் எண் ஒன்று, அந்தப் பிழையைத் திருத்திய எண் இன்னொன்று என்று விமானக் கைநூல்கள் பிரித்துச் சொல்வதன் காரணம் இதுதான்.

பழைய வேகமானியின் உள்ளே எங்கள் நீர்க்குழாய்க்குப் பதிலாக மெல்லிய உலோகப் பேழை ஒன்று இருக்கும். பிற்றோவின் அமுக்கம் பேழைக்குள்ளும், வளிமண்டல அமுக்கம் பேழைக்கு வெளியிலும் செல்லும். பேழை புடைப்பதற்கு ஏற்பப் பற்சக்கரங்கள் முள்ளை நகர்த்தும். இன்றைய பயணிகள் விமானங்களில் உணரிகளும் கணினியும் அந்த வேலையைச் செய்து, திரையின் இடப்பக்கத்தில் மேலும் கீழும் ஓடும் நாடாவாக வேகத்தைக் காட்டுகின்றன. தத்துவம் பண்ணைப் பாலத்தில் கண்டதுதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். மானிக்குத் தெரிவது அமுக்கம் மட்டுமே. அதை வேகமாக மாற்றுவதற்கு வளியின் அடர்த்தி வேண்டும். அந்த அடர்த்தியை மானி அளப்பதில்லை. கடல் மட்டத்தில், 15 பாகை வெப்பநிலையில் உள்ள வளியின் அடர்த்தியாகிய கனமீற்றருக்கு 1.225 கிலோகிராம் என்பதை அது எங்கே பறந்தாலும் எடுத்துக்கொள்கிறது. மேலே ஏற ஏற வளி ஐதாகிறது. 17,000 அடியில் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் நூற்றுக்கு 59 பங்குதான். அங்கே சென்னைக்குப் போகும் ஏ.ரி.ஆர். போன்ற, விசிறிச் சுழலிகளால் உந்தப்படும் விமானம் ஒன்று உண்மையில் 270 நொட், அதாவது மணிக்கு 500 கிலோமீற்றர் வேகத்தில் காற்றைக் கிழித்துச் செல்லும்போது, மானி 207 நொட் அளவிலேயே காட்டும். 35,000 அடியில் அடர்த்தி நூற்றுக்கு 31 பங்காகிவிடும். அங்கே 450 நொட்டில் பறக்கும் ஜெட் விமானத்தின் மானியில் 265 நொட் அளவே தெரியும்.

கருவி பொய் சொல்கிறது, அதைத் திருத்தாமல் ஏன் விட்டு வைத்திருக்கிறார்கள் என்று மருமகன் கோபித்துக்கொண்டான். நானும் அந்த வயதில் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் விமானத்தைத் தாங்கும் இறக்கைக்கு வேகம் தெரியாது. அடர்த்தியின் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வரும் அந்த அமுக்கமே அதற்குத் தெரியும்; தூக்கும் விசை அதற்கு நேர்விகிதமாகிறது. ஐதான வளியில் மானி எவ்வளவு குறைத்துக் காட்டுகிறதோ, அவ்வளவுக்கு இறக்கையும் குறைவாகவே உணர்கிறது. ஆகவே இறக்கை தாங்கும் வலுவை இழந்து விமானம் விழத் தொடங்கும் எல்லை வேகம், தரைக்கு அருகில் மானியில் எந்த எண்ணோ, உயரத்திலும் ஏறத்தாழ அதே எண். மேலெழும் வேகம், இறங்கும் வேகம், இறக்கையின் பின்விளிம்பு மடிப்புகளை நீட்டக்கூடிய உச்ச வேகம் ஆகிய எல்லாவற்றையும் விமானி ஒரே எண்களாக நினைவில் வைத்துக்கொள்ள முடிவது இந்தப் 'பொய்'யின் தயவால்தான். உண்மை வேகம் வழி கணிப்பதற்குத் தேவை. அதைக் கணினி வெப்பநிலையையும் சேர்த்துத் தனியே கணிக்கிறது. அதோடு காற்றின் வேகத்தைக் கூட்டிக் கழித்தால் தரைவேகம். எத்தனை மணிக்குச் சென்னையில் இறங்குவோம் என்பதை அது சொல்லும்.

மிக உயரத்தில் பறக்கும் ஜெட் விமானங்களுக்கு இன்னோர் எல்லை உண்டு. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது வளி வேறு விதமாக நடந்துகொள்வதால், அங்கே ஒலிவேகத்தின் பங்காக வேகத்தைச் சொல்லும் மாக் எண்ணைப் பார்த்துப் பறக்கிறார்கள். மேற்சொன்ன 450 நொட், 35,000 அடிக் குளிரில் மாக் 0.78.

செய்மதியே வேகத்தைச் சொல்லும் காலத்தில் இந்தக் குழாய் எதற்கு என்ற கேள்விக்கு, நூல் அறுந்த பட்டமே விடை. குழாய் அடைபட்டால் என்ன நடக்கும் என்பதற்கு விடை சொல்லத்தான் மனம் கனக்கிறது.

எங்கள் வீட்டுக் கதவின் சாவித் துவாரத்தை இரண்டு வாரம் பூட்டித் திறவாமல் விட்டால், குளவி மண்ணைக் குழைத்து அடைத்துவிடும். 1996 பெப்ரவரி 6 ஆம் நாள் டொமினிக்கன் குடியரசின் புவேர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய பேர்கன்எயார் நிறுவனத்தின் போயிங் 757, சில வாரங்கள் பறக்காமல் நின்ற விமானம். அதன் பிற்றோக் குழாய்களில் ஒன்று பெரும்பாலும் மண்குளவிக் கூட்டினால் அடைபட்டிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. அடைபட்ட குழாய்க்குள் சிறைப்பட்ட அமுக்கம் மாறாது. விமானம் ஏற ஏற வெளியமுக்கம் குறையும். வேறுபாடு பெருகுவதால் மானி வேகம் கூடுகிறது என்று காட்டும். வேகமானி உயரமானியாக வேடம் போட்டுவிடுகிறது. தலைமை விமானியின் பக்கத்து மானி மிகையான வேகத்தைக் காட்ட, அதை நம்பிய தன்னியக்கச் சாதனம் மூக்கை உயர்த்தி வலுவைக் குறைத்தது. உண்மையில் வேகம் இழந்திருந்த விமானம் கடலில் விழுந்தது. 189 பேரில் ஒருவரும் தப்பவில்லை.

அதே ஆண்டு ஒக்டோபர் 2 ஆம் நாள், பெருவின் லிமாவிலிருந்து கிளம்பிய இன்னொரு 757 இல், கழுவித் துடைக்கும்போது வளிமண்டல அமுக்கத் துளைகளின் மேல் ஒட்டிய பசைநாடா அகற்றப்படாமல் விடுபட்டிருந்தது. எங்கள் போத்தலின் துளையை விரலால் மூடுவதற்கு ஒப்பானது அது. வேகம், உயரம் இரண்டுமே பிழைத்துப்போயின. இருட்டில், பசுபிக் கடலின் மேல், 70 பேர். 2009 ஜூன் 1 ஆம் நாள் ரியோவிலிருந்து பரிஸ் நகருக்குச் சென்ற எயார் பிரான்ஸ் 447 இல் பனிப் பளிங்குகள் பிற்றோக் குழாய்களைச் சிறிது நேரம் அடைத்தன. குழாய்களுக்குச் சூடேற்றும் வசதி இருந்தும் அந்த உயரத்தில் அது போதவில்லை. தன்னியக்கம் விலகியதிலிருந்து நான்கரை நிமிடத்துக்குள் விமானம் அத்திலாந்திக்கில் விழுந்தது, 228 பேருடன். குழாய்களின் அடைப்பு அதற்கு வெகு முன்னரே நீங்கிவிட்டிருந்தது. குழம்பிய கைகள் மூக்கை உயர்த்தியே வைத்திருந்தன. மூன்று தனித்தனி அளவீடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் ஏற்பாடு விமானத்தில் உண்டு. மூன்றும் ஒரே பனியில் அகப்பட்டால் ஒப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சாது. அப்படிப்பட்ட வேளைக்கென்று விமானிகளுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது: மானியை மறந்து, தெரிந்த மூக்குக் கோணத்தையும் தெரிந்த இயந்திர வலுவையும் வைத்துக்கொண்டால், விமானம் தெரிந்த வேகத்திலேயே பறக்கும்.

மார்கழியில் மருமகனையும் அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போக நேர்ந்தது. பலாலியில் கட்டடத்திலிருந்து விமானத்துக்கு நடந்துதான் போக வேண்டும். வாடையில் கொண்டையும் சேலையும் பறக்க வரிசை நகர்ந்துகொண்டிருந்தபோது, விமானத்தைச் சுற்றிவந்த இளம் விமானி ஒருவர் மூக்குப் பக்கத்தில் நின்று, தலையை உயர்த்தி, விரலளவேயான அந்தக் குழாயின் வாயை இரண்டு மூன்று செக்கன்கள் பார்த்துவிட்டு அப்பால் நடந்தார். மருமகன் என் கையை இடித்தான். ஆசனத்தில் அமர்ந்ததும் கொப்பியை எடுத்து, அன்றைய திகதியை எழுதி, பக்கத்தில் 'வாடை' என்று குறித்துக்கொண்டான்.